வேலையில் விரல் போனால் இ.எஸ்.ஐ. எவ்வளவு தரும்? எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள்?

நீங்கள் கேட்டிருப்பது இது: தம்பி கோவையில் பவர் பிரஸ் ஓட்டுகிறார். வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள். மாதாமாதம் பணம் வரும் என்கிறார்களே, எவ்வளவு வரும்? முதலாளி ஒரு தொகையைக் கையில் கொடுத்து விஷயத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறாரே, வாங்கிக்கொள்ளலாமா?

தொழிற்சங்கத்தில் இருக்கிறேன். விரல் இழந்தவர்களைக் கூட்டிக்கொண்டு கிளை அலுவலகத்துக்கும் மருத்துவ வாரியத்துக்கும் போவது எனக்குப் பழகிய வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தம்பியின் சராசரி நாள் சம்பளம் 600 ரூபாய் என்று பதிவாகியிருந்தால், ஆயுள் முழுவதும் நாளொன்றுக்கு 59 ரூபாய் 40 காசு வரும். 30 நாள் மாதத்துக்கு 1,782 ரூபாய். விலைவாசியை ஒட்டி அவ்வப்போது இதை உயர்த்துகிறார்கள். கணக்கு எளிது. 600 ரூபாயில் 90 சதவீதம் 540. அதுதான் முழு விகிதம். ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனால் சட்டத்தின் பட்டியல் தரும் ஈட்டுத் திறன் (சம்பாதிக்கும் திறன்) இழப்பு 11 சதவீதம். 540-இல் 11 சதவீதம் 59.40.

ஆக, தொகையைத் தீர்மானிப்பவை இரண்டே எண்கள்: பதிவான சம்பளமும் இழப்புச் சதவீதமும். வருகிறவர்கள் எல்லோரும் சதவீதத்துக்காகத்தான் மல்லுக்கட்டுகிறார்கள். சம்பள எண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பணம் அதிகம் பறிபோவது அங்கேதான்.

முதலில் சதவீதத்தைப் பார்த்துவிடுவோம். பட்டியலில் கட்டைவிரல் முழுதாகப் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, இரண்டு கணு போனால் 11, ஒரு கணு 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5. நடுவிரல் முழுதும் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ முழுதாகப் போனால் 7. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50, கையே போனால் 60. இரண்டு கைகளும் போனால் நூறு. வலது கை, இடது கை என்ற வேறுபாடு இந்தப் பட்டியலில் கிடையாது. வலது கைப் பழக்கக்காரரின் வலது ஆள்காட்டி விரலுக்கும் இடது ஆள்காட்டி விரலுக்கும் ஒரே எண்தான். இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

துண்டானால்தான் இழப்பு என்பதும் இல்லை. ஓர் உறுப்பு உடம்பில் இருந்தும் அதன் பயன் நிரந்தரமாக, முழுதாகப் போய்விட்டால் அதையும் இழந்ததாகவே கொள்ள வேண்டும். பட்டியலில் இல்லாத காயம் என்றால் மருத்துவ வாரியம் பார்த்து ஒரு சதவீதம் சொல்லும். ஒரே விபத்தில் பல காயங்கள் இருந்தால் சதவீதங்களைக் கூட்ட வேண்டும், நூறைத் தாண்டாமல். பிரஸ்ஸில் மாட்டிய கையில் ஒரு விரல் மட்டும் சேதமாவது அபூர்வம். பக்கத்து விரலில் தசைநாண் அறுந்து அது மடங்காமல் நிற்கும். துண்டான விரலை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடக் கூடாது.

வாரியத்தின் முன்னால் நடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்து எலும்பு எங்கே முடிகிறது என்று பார்ப்பார்கள். கையை மூடித் திறக்கச் சொல்வார்கள். ஒரு பேனாவைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். பிறகு, "இப்போது வேலைக்குப் போகிறீர்களா? செய்ய முடிகிறதா?" என்று கேட்பார்கள். நம் ஆட்கள் மரியாதைக்காக, "முடிகிறது சார், சமாளித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுவார்கள். பட்டியலில் உள்ள காயத்துக்கு இந்தப் பதிலால் குறையாது. மடங்காத விரலுக்கு, பிடிமானம் போன மணிக்கட்டுக்கு இந்த ஒரு வாக்கியம் பெரிய சேதம் செய்யும். எந்தெந்த வேலை முன்பு செய்தேன், இப்போது எது முடியவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். டை மாற்ற முடியவில்லை, சிறிய போல்ட்டைத் திருக முடியவில்லை, வெர்னியரைப் பிடித்து அளவெடுக்க முடியவில்லை என்று வேலையின் பெயரைச் சொல்லியே பேசச் சொல்லுங்கள்.

ஏனென்றால் சட்டம் அளப்பது சம்பாதிக்கும் திறனை. 1975-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவான ஒரு வழக்கு இதற்கு நல்ல சான்று. ஒரு திரையரங்கில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் விழுந்து இடது கையை இழந்தார். பட்டியல்படி பார்த்தால் அது பகுதி ஊனம்தான் என்பது முதலாளி தரப்பு வாதம். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அந்த மனிதருக்கு இது முழு ஊனம் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அது 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு. இ.எஸ்.ஐ. சட்டத்திலும் முழு ஊனத்துக்கான விளக்கம், விபத்தின்போது ஒருவர் செய்யக்கூடியவராக இருந்த வேலைகளை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காக அரசு மருத்துவமனை தரும் சதவீதம் வேறு, இது வேறு. அந்த அட்டைக்கு 40 சதவீதம் வேண்டுமே, தம்பிக்கு அவ்வளவு வராதே என்று யாராவது பயமுறுத்தினால் பொருட்படுத்த வேண்டாம். இ.எஸ்.ஐ.யில் பணம் பெற அப்படி ஒரு கீழ்வரம்பு கிடையாது.

இனி சம்பள எண். விபத்து நடந்த மாதத்தின் சம்பளத்தை எடுப்பார்கள் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஜனவரி முதல் ஜூன் வரை நடந்த விபத்துக்கு முந்தைய ஏப்ரல்-செப்டம்பர் சம்பளம் கணக்கில் வரும். ஜூலை முதல் டிசம்பர் வரை நடந்த விபத்துக்கு முந்தைய அக்டோபர்-மார்ச் சம்பளம். அந்த ஆறு மாதத்தில் பதிவான மொத்தச் சம்பளத்தை, சம்பளம் கணக்கிட்ட நாட்களால் வகுத்தால் சராசரி நாள் சம்பளம் கிடைக்கும். புதிதாகச் சேர்ந்து முழுக் காலம் ஆகாதவருக்கு, சேர்ந்த பிறகு வாங்கிய சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் ஊன உதவி உண்டு. இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை.

ஓவர்டைம் பணமும் இந்தச் சம்பளக் கணக்கில் சேர வேண்டும். பட்டறைகளில் நடப்பது என்ன? சம்பளச் சீட்டில் 400 ரூபாய் போட்டுவிட்டு, மீதியையும் ஓவர்டைமையும் சனிக்கிழமை சாயங்காலம் கவரில் வைத்துக் கொடுக்கிறார்கள். இ.எஸ்.ஐ. சந்தாவாகச் சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு முக்கால் சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். இந்த நான்கு சதவீதத்தை மிச்சம் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. பிடித்தம் குறைகிறதே என்று தொழிலாளியும் சரி என்கிறார். 600 வாங்குகிற தம்பிக்கு 400 என்று பதிவாகியிருந்தால் மாதத் தொகை 1,782-க்குப் பதில் 1,188 ஆகிவிடும். மாதம் 594 ரூபாய் நஷ்டம், அதுவும் ஆயுளுக்கும். எந்த மருத்துவ வாரியமும் இதைச் சரிசெய்ய முடியாது, அது அவர்கள் கையில் இல்லை. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். இ.எஸ்.ஐ. கழகத்தின் இணையதளத்தில் இன்சூரன்ஸ் எண்ணை வைத்து உள்ளே போனால் மாதாமாதம் எவ்வளவு சம்பளத்துக்குச் சந்தா கட்டினார்கள் என்பது தெரியும். இன்றைக்கே பாருங்கள். வங்கியில் வந்த சம்பளம், வருகைப் பதிவு, வாட்ஸாப்பில் அனுப்பிய ஓவர்டைம் கணக்கு என்று கையில் கிடைப்பதை எல்லாம் பத்திரப்படுத்துங்கள்.

ஆயுள் உதவி தொடங்குவதற்கு முன்னால், காயம் ஆறி வேலைக்குத் திரும்பும் வரை தற்காலிக ஊன உதவி உண்டு. அது முழு விகிதம், அதாவது தம்பிக்கு நாளொன்றுக்கு 540 ரூபாய், ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் சேர்த்து. விபத்து நாளைத் தவிர்த்துக் குறைந்தது மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று உள்ள வரைக்கும் வரும். அந்த நாட்களில் வேலையை விட்டு நீக்குவதும் சட்டப்படி கூடாது.

முதலாளி தரும் பணத்துக்கு வருகிறேன். அவர் மனமிரங்கிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதில் தவறில்லை. எதில் கையெழுத்து கேட்கிறார் என்பதைப் பாருங்கள். இ.எஸ்.ஐ.யில் உள்ள தொழிலாளிக்குத் தனியாக இழப்பீடு தரும் கடமை முதலாளிக்கு இல்லை. அப்படியிருக்க ஏன் பணம் கொடுக்க முன்வருகிறார்? பெரும்பாலும் விபத்து பதிவேட்டில் ஏறக் கூடாது என்பதற்காகத்தான். விபத்துப் பதிவேடு படிவம் 11, முதலாளி இ.எஸ்.ஐ.க்கு அனுப்ப வேண்டிய விபத்து அறிக்கை படிவம் 12. நான் உடன் போன ஒருவருக்கு மருத்துவமனைச் சீட்டில் "வீட்டில் கதவிடுக்கில் சிக்கியது" என்று எழுதியிருந்தது. பட்டறையிலிருந்து தூக்கிப்போன மேற்பார்வையாளர் சொன்னதை மருத்துவர் அப்படியே எழுதிவிட்டார். வலியில் கிடந்தவருக்கு அது தெரியவே இல்லை. வீட்டில் நடந்த காயம் என்றால் கிடைப்பது வெறும் நோய்க்கால உதவி: 70 சதவீதம், அதுவும் 91 நாள் வரை, 78 நாள் சந்தா கட்டியிருந்தால் மட்டும். ஆயுள் உதவி என்ற பேச்சே எழாது. உடன் வேலை செய்தவர்களின் வாக்குமூலத்தை வைத்துத்தான் அதை மாற்ற வேண்டியிருந்தது. தம்பியின் மருத்துவமனைச் சீட்டில் முதல் வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

"பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினான், அவன் தப்பு, ஒன்றும் வராது" என்று சொல்வார்கள். அதுவும் சரியில்லை. விதியையோ மேலாளரின் உத்தரவையோ மீறியிருந்தாலும், செய்தது முதலாளியின் தொழிலுக்கான வேலை என்றால் அது வேலைக் காயம்தான் என்று சட்டமே சொல்கிறது. 2010-க்குப் பிறகு, வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துகளும் இதில் அடங்கும், பயணத்துக்கும் வேலைக்கும் நேரம், இடம் ஆகியவற்றில் தொடர்பு இருக்க வேண்டும். பெயரையே பதியாமல் வைத்திருந்தால்கூட, பதிந்திருக்க வேண்டிய தொழிலாளிக்குக் கழகம் உதவியைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க வழி இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளி என்று தட்டிக்கழிக்கவும் முடியாது.

தம்பி மறுபடி வேலைக்குப் போனால் இந்தப் பணம் நின்றுவிடுமோ என்று வீட்டில் பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். நிற்காது. சம்பளமும் வரும், இதுவும் வரும். வேறு நிறுவனத்துக்கு மாறினாலும், சம்பளம் 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டி இ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே போனாலும் இது தொடரும். கேட்கும்போது உயிர்ச்சான்று கொடுத்தால் போதும். தொகை மிகச் சிறியதாக இருந்தால் மொத்தமாக வாங்கிக்கொள்ளவும் ஓர் ஏற்பாடு உண்டு. இளவயதுக்காரர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

21,000-க்கு மேல் சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ.யில் இல்லாதவர்களுக்கு வேறு கணக்கு. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். 2020 ஜனவரி முதல் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் வராது. 30 வயதுக்குக் காரணி 207.98. ஆகவே 9,000 ரூபாயை 207.98-ஆல் பெருக்கினால் 18,71,820. அதில் 11 சதவீதம் சுமார் 2,05,900 ரூபாய், ஒரே தடவை. தம்பியின் மாதத் தொகை பத்து ஆண்டுக்குள்ளாகவே இதைத் தாண்டிவிடும் என்பதைக் கவனியுங்கள். 2025 நவம்பர் 21 முதல் இந்த இரண்டு சட்டங்களும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற ஒரே சட்டத்துக்குள் வந்துவிட்டன. காயப் பட்டியலும் வயதுக் காரணிகளும் அதிலும் இடம்பெற்றிருக்கின்றன.

தற்காலிக உதவி முடிந்த பிறகு வாரியத்துக்கு அனுப்பச் சொல்லி விண்ணப்பிக்கப் பன்னிரண்டு மாதம்தான் அவகாசம். யாராவது கூப்பிட்டு அனுப்புவார்கள் என்று காத்திருக்க வேண்டாம், கிளை அலுவலகத்தில் நீங்களே கேளுங்கள். வாரியத்தின் சதவீதம் குறைவு என்று பட்டால், முடிவு கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அல்லது நேரடியாகத் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். எக்ஸ்ரே, அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, படிவம் 12-இன் நகல் ஆகிய மூன்றையும் தம்பியின் பெயரில் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அந்த நகலைக் கொடுக்க மறுத்தால் எழுதிக் கேளுங்கள், பதிவுத் தபாலில்.