அங்கே கேட்டால்தான் கிடைக்கும்

சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்த்த தோழி மூலமாக உன் கேள்வி வந்தது. வியாசர்பாடிப் பெண், இங்கிலாந்து போய் மூன்று மாதம், கேன்சர் வார்டில் போட்டிருக்கிறார்கள். மூன்று வாரம் நீ பார்த்துக்கொண்ட நோயாளி உன் டியூட்டியிலேயே இறந்துவிட்டார். உடம்பைத் துடைத்து எல்லாம் முடித்துவிட்டு, லினன் ரூமில் நின்று அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு அடுத்த பெல்லுக்குப் போனேன், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். “மேனேஜரிடம் சொன்னால் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று நினைப்பார்களா? விசாவுக்கு ஏதாவது ஆகுமா? நம்மைப் போன்ற கேன்சர் நர்சுகளுக்கு அங்கே யாராவது இருக்கிறார்களா, அக்கா?” இதுதான் உன் கேள்வி.

இருக்கிறார்கள் அம்மா. ஆனால் நம் ஊரில் மாதிரி அவர்களாக வந்து நிற்க மாட்டார்கள். நாம் போய்க் கேட்க வேண்டும். இது புரிய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது, உனக்கு அவ்வளவு ஆகக் கூடாது.

லீவுக்கு வந்து தண்டையார்பேட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். நேற்று ஸ்டான்லிக்குப் போய்ப் பழைய ஆட்களைப் பார்த்துவிட்டு வந்தேன். டியூட்டி ரூமில் அதே மேஜை, அதே மாதிரி நாலு டிபன் பாக்ஸ் திறந்து கிடக்கிறது. அந்த நாளில் நான் பார்த்துக்கொண்ட ஒருவர் போய்விட்டால் இன்சார்ஜ் சிஸ்டர் எதுவும் கேட்க மாட்டார். தன் டப்பாவிலிருந்து ஒரு வறுத்த வஞ்சிரத் துண்டை எடுத்து என் தட்டில் வைப்பார். “சாப்பிடு முதல்ல. அப்புறம் அழு” என்பார். டியூட்டி முடிந்து பழைய ஜெயில் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஏறினால், வீடு போய்ச் சேருவதற்குள் நாங்கள் மூன்று பேரும் எல்லாவற்றையும் பேசித் தீர்த்திருப்போம். அதற்குப் பெயர் எதுவும் கிடையாது. பெயர் இல்லாததால்தான், அது இல்லாமல் போனபோது என்ன குறைகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்தில் நான் முதலில் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் கீமோ டே யூனிட், பகலில் வந்து மருந்து ஏற்றிக்கொண்டு வீடு போகிறவர்களுக்கான இடம். செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு பெரியவர் வருவார், என் அப்பா வயது. கையில் பிக் லைன், மருந்து ஏற்றப் பல வாரம் அப்படியே விட்டுவைக்கிற மெல்லிய குழாய். டிரெஸ்ஸிங் மாற்றும்போதெல்லாம் காசிமேட்டுக் கடலைப் பற்றிக் கேட்பார், இளவயதில் அவரும் மீன்பிடிப் படகில் போனவராம். ஒரு செவ்வாய் லிஸ்டில் அவர் பெயர் இல்லை. ஜன்னலோர நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார்கள், ஒன்பது மணிக்கு அதில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார். அவரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதன்பிறகு பல மாதம் தூக்கம் சரியில்லை. மருந்து ஏற்றுகிற பம்ப்பின் வேகத்தை மூன்று தடவை பார்த்தாலும் நம்பிக்கை வராது.

இதை அழுகையோடு முடிகிற விஷயமாக நினைக்காதே. நாம் கையில் எடுக்கிற மருந்து அப்படி. வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் தசையைப் பொசுக்கிவிடும், தவறி முதுகுத்தண்டில் ஏறினால் உயிரே போய்விடும். அதனால்தான் இரண்டு பேர் சரிபார்க்கிறோம். அந்த இரண்டு பேரில் ஒருத்தி நாலு மாதமாகச் சரியாகத் தூங்காதவள் என்றால், அது நோயாளியின் பாதுகாப்புப் பிரச்சினை. மேனேஜரிடம் பேசும்போது இதையே சொல். ‘என்னால் முடியவில்லை’ என்று சொல்லாதே. ‘பாதுகாப்பாக வேலை செய்ய எனக்கு இது வேண்டும்’ என்று சொல். அந்த ஊரில் இந்தப் பேச்சுக்கு மரியாதை உண்டு.

சரி, என்ன கேட்பது? ‘ரெஸ்டோரேட்டிவ் கிளினிக்கல் சூப்பர்விஷன்’ வேண்டும் என்று கேள். பெயரைப் பார்த்து யாரோ நம் வேலையைக் கண்காணிக்கிறார்கள் என்று நான் பயந்தேன். அப்படி இல்லை. இதை நடத்த, புரொஃபஷனல் நர்ஸ் அட்வகேட் என்று 2021 முதல் இங்கிலாந்தில் நர்சுகளுக்கே தனியாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். அந்த நர்ஸ் உன்னை உட்காரவைத்து, உன் வேலை உன்னை என்ன செய்கிறது என்று கேட்பார். நான் முதல் தடவை போனபோது அந்தப் பெரியவரின் நாற்காலியைப் பற்றித்தான் சொன்னேன். எனக்கு எதிரே இருந்தவர் ஸ்காட்லாந்துக்காரர், முப்பது வருட சர்வீஸ். அவர் குறிப்பு எதுவும் எடுக்கவில்லை. தனக்கும் அப்படி ஒரு நாற்காலி உண்டு என்றார். அன்றைக்கு எனக்கு அந்த வஞ்சிரத் துண்டு ஞாபகம் வந்தது.

அப்புறம், உங்கள் ஆஸ்பத்திரியில் ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ் நடக்கிறதா என்று விசாரி. கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற அமெரிக்க வக்கீல் நுரையீரல் கேன்சரில் இறந்தவர். தன்னைப் பார்த்துக்கொண்டவர்களின் கனிவுதான் தாங்க முடியாததைத் தாங்கவைத்தது என்று உணர்ந்து, அந்தக் கனிவு வற்றாமல் இருக்க ஒரு அமைப்புக்கு வழி செய்துவிட்டுப் போனார். 1995-இல் பாஸ்டனில் தொடங்கியது அது. அதிலிருந்து வந்ததுதான் இந்த ரவுண்ட்ஸ், பிரிட்டனுக்கு 2009-இல் வந்தது. டாக்டர், நர்ஸ், கிளீனர், ரிசப்ஷனிஸ்ட் எல்லோரும் ஒரு மணி நேரம் ஒன்றாக உட்காருவார்கள். யாராவது மூன்று நான்கு பேர் ஒரு நோயாளியைப் பற்றித் தங்கள் மனதில் இருப்பதைச் சொல்வார்கள். சிகிச்சை சரியா தவறா என்ற பேச்சே வராது. முதல் தடவை ஒரு கன்சல்டன்ட், அதாவது மூத்த டாக்டர், குரல் உடைந்து பேசியதைக் கேட்டு நான் அசந்துபோனேன். பேச விருப்பமில்லை என்றால் கேட்டுவிட்டு வரலாம்.

நம் துறைக்கென்றே இருப்பது யூகான்ஸ், அதாவது யூகே ஆன்காலஜி நர்சிங் சொசைட்டி. உன் வார்டில் கீமோ கொடுப்பதற்குத் தகுதி பார்க்கும் சாக்ட் பாஸ்போர்ட் என்ற பயிற்சிப் பதிவேடு, நோயாளி வீட்டிலிருந்து போன் செய்தால் சிவப்பு, ஆம்பர், பச்சை என்று பிரிக்கிற அந்தச் சார்ட், இரண்டும் அவர்கள் செய்ததுதான். உறுப்பினராகச் சேர், மாநாட்டுக்கு ஒரு தடவையாவது போ. கீமோவுக்குப் பின் 38 டிகிரி காய்ச்சலோடு வருகிறவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போடத் தாங்களும் ஓடுகிறோம் என்று சொல்கிற நூறு பேரை ஒரே ஹாலில் பார்ப்பதே பெரிய தைரியம். இன்னொன்று, என்எம்சியில், அதாவது அந்த ஊர் நர்சிங் கவுன்சிலில், உன் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க 35 மணி நேரப் படிப்பு காட்ட வேண்டும், அதில் 20 மணி நேரம் மற்றவர்களோடு சேர்ந்து செய்ததாக இருக்க வேண்டும். இந்தக் கூட்டங்கள் அந்தக் கணக்கில் வரும். ஐந்து அனுபவக் குறிப்புகளும் எழுத வேண்டும். லினன் ரூம் அழுகையைப் பற்றியே ஒன்று எழுதலாம், நோயாளியை அடையாளம் காட்டாமல்.

விசா விஷயம்: கவுன்சலிங் கேட்டதற்காக யாருடைய விசாவும் போகாது. ஆஸ்பத்திரி ஊழியர்களின் உடல்நலத்தைப் பார்க்கிற ஆக்குபேஷனல் ஹெல்த்துக்கு நீ சொல்வது ரகசியமாகவே இருக்கும். அதுவும் பயமாக இருந்தால் ஆர்சிஎன்னில் (ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங்) சேர், 1916 முதல் இருக்கிற நர்சுகளின் சங்கம். உறுப்பினருக்குக் கவுன்சலிங்கும் உண்டு, குடியேற்றச் சட்ட ஆலோசனையும் உண்டு, அது உன் ஆஸ்பத்திரிக்கு வெளியே நடப்பது. சந்தாவைப் பார்த்து நானும் முதலில் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடாதே.

நம் தமிழ் நர்சுகள் வாட்ஸ்அப் குழுவை விட்டுவிடச் சொல்லவில்லை. வீடு பார்க்க, பொன்னி அரிசி எங்கே கிடைக்கும் என்று கேட்க, தீபாவளிக்குச் சேர்ந்து சமைக்க அதை விட்டால் யார்? ஆனால் நோயாளியின் கதையை மட்டும் அதில் போடாதே. பெயர் இல்லாவிட்டாலும் போடாதே. இரவு இரண்டு மணிக்கு மனசு தாங்காமல் தட்டிவிட்டு, நர்ஸ் பதிவையே பணயம் வைத்தது போல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வாரமே மேனேஜருக்கு மூன்று வரி மெயில் அனுப்பு: இன்ன தேதியில் ஒரு நோயாளி இறந்தார், நான்தான் பார்த்துக்கொண்டேன், அட்வகேட் நர்ஸோடு நேரம் வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்த வாரம் நேரில் கேள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன், போன் செய். அந்த நோயாளியைப் பற்றிப் பேச வேண்டுமானால், பெயர் சொல்லாமல், அவர் எப்படிச் சிரிப்பார் என்பதை மட்டும் சொல். நான் கேட்கிறேன். அம்மா உனக்கும் சேர்த்து ஒரு கிலோ மிளகாய்த்தூள் அரைத்துக்கொண்டிருக்கிறார், எந்த ஊருக்கு பார்சல் போட வேண்டும் என்று எழுது.