கார் ஸ்டீரியோவில் கரன்ட் சிக்கலா? செட்டைக் கழற்றும் முன் – கேள்வி பதில்

வெளியில் வாங்கி மாட்டிய கார் செட்டுகளில் கரன்ட் சம்பந்தமாக வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். ஒரு மல்டிமீட்டரும் ஒரு இண்டிகேட்டர் பல்பும் பக்கத்தில் இருக்கட்டும். நான் பார்த்தவரை, 'செட் போச்சு' என்று முடிவு கட்டப்பட்டவற்றில் பெரும்பாலும் செட் நன்றாகவே இருக்கும். கோளாறு ஒயரிலோ ஜாயின்ட்டிலோதான் இருக்கும்.

கேள்வி: அண்ணா, புது செட் மாட்டினேன். உயிரே இல்லை. எங்கே தொடங்குவது?

பதில்: மூன்று ஒயர்தான் தம்பி. மஞ்சளில் எப்போதும் கரன்ட் இருக்க வேண்டும். சிவப்பில் சாவியை ஏசிசி நிலைக்கு (இன்ஜின் ஓடாமலே ரேடியோ போன்றவை இயங்கும் நிலை) திருப்பினால் மட்டும் வர வேண்டும். கறுப்பு எர்த். மீட்டரின் கறுப்பு முனையை செட்டுக்குப் போகும் கறுப்பு ஒயரிலேயே வையுங்கள், வண்டியின் பாடியில் வைக்காதீர்கள். பாடியில் வைத்தால் எர்த் ஒயர் அறுந்திருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டி உங்களை ஏமாற்றிவிடும்.

வோல்ட் சரியாக இருந்தும் செட் எழவில்லையா? அங்கேதான் பல்பு வேண்டும். மல்டிமீட்டர் இழுக்கும் கரன்ட் மிக மிகச் சொற்பம். ஒயரில் ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் அது முழு 12 வோல்ட்டைக் காட்டும். செட் ஆம்பியர் கணக்கில் கேட்கும்போது அந்த ஒற்றை இழையால் தர முடியாது. 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதை மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவில் தொடுங்கள். பளிச்சென்று எரிந்தால் வழி சுத்தம். மங்கினால், மஞ்சளை அப்படியே விட்டு, பல்பின் எர்த் முனையைப் பெயின்ட் சுரண்டிய பாடி இரும்பில் வைத்துப் பாருங்கள். இப்போது பிரகாசமாக எரிந்தால் கோளாறு எர்த்தில். அப்போதும் மங்கலாகவே இருந்தால் மஞ்சள் வரும் வழியில்.

ஃப்யூஸ் இரண்டு இடத்தில் இருக்கும், மறக்காதீர்கள். ஒன்று வண்டியின் ஃப்யூஸ் பெட்டியில், இன்னொன்று செட்டின் முதுகில் அல்லது அதன் ஒயரில். கண்ணால் பார்த்து நம்பாமல் மீட்டரில் சோதியுங்கள்.

கேள்வி: வண்டியை அணைத்து எடுத்தால் நேரம், ஸ்டேஷன் எல்லாம் அழிந்துவிடுகிறது. மற்றபடி நன்றாகப் பாடுகிறது.

பதில்: செட்டின் ஞாபகத்தைக் காப்பது மஞ்சள் ஒயர். உங்கள் வண்டியில் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன. ஐஎஸ்ஓ 10487 என்ற பொதுத் தரத்தில் வரும் கார் ரேடியோ சாக்கெட்டின் பவர் பகுதியில் 4-ஆம் பின் நிரந்தர கரன்ட், 7-ஆம் பின் சாவியோடு வருவது. சில வண்டிகளில் (ஃபோக்ஸ்வேகன் இதற்குப் பேர் போனது) இது தலைகீழாக இருக்கும். அதற்காகவே வண்டி சாக்கெட்டையும் செட்டையும் இணைக்கும் பல அடாப்டர்களில் இந்த இரண்டு ஒயரிலும் நடுவே இழுத்துக் கழற்றும் இணைப்பு வைத்திருப்பார்கள். கழற்றி மாற்றிச் செருகுங்கள், முடிந்தது.

கேள்வி: எனக்கு நேர் எதிர். ஞாபகம் எல்லாம் இருக்கிறது. நாலு நாள் வண்டி எடுக்காவிட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது.

பதில்: சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கி நிரந்தர கரன்ட்டில் கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். வேலையைச் சீக்கிரம் முடிக்க இப்படிச் செய்துவிடுவார்கள். செட்டைப் பொறுத்தவரை சாவி எப்போதும் போட்டபடியே இருக்கிறது. திரையை அணைத்தாலும் உள்ளே முழுதாகத் தூங்காது. அரை ஆம்பியர் இழுத்தால்கூட 45 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி 90 மணி நேரத்தில் காலி. வண்டி ஸ்டார்ட் ஆகாத நிலை அதற்கு முன்பே வந்துவிடும்.

உறுதி செய்ய, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, பேட்டரியின் மைனஸ் முனைக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவில் தொடராக இணையுங்கள். கதவுகளைச் சாத்தி அரை மணி நேரம் விடுங்கள்; வண்டியின் மற்ற கருவிகள் தூங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அதிகமாக இருந்தால் செட்டின் ஃப்யூஸைப் பிடுங்குங்கள். அளவு சட்டென்று விழுந்தால் குற்றவாளி அதுவே. மீட்டர் இணைந்திருக்கும்போது ஸ்டார்ட் மட்டும் செய்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.

கேள்வி: ஸ்டார்ட் செய்யும் நொடியில் செட் அணைகிறது. இது கோளாறா?

பதில்: அணைந்து உடனே வந்தால் இயல்பு. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பல வண்டிகள் ஏசிசி கரன்ட்டைத் தாமே துண்டிக்கும். ஆண்ட்ராய்டு செட் ஒவ்வொரு முறையும் லோகோவிலிருந்து முதலில் தொடங்கினால்தான் யோசிக்க வேண்டும். மஞ்சள் ஒயரிலும் வோல்ட் விழுகிறது என்று பொருள். நன்கு சார்ஜ் ஆன பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

கேள்வி: வால்யூம் ஏற்றினால் பேஸ் அடிக்கும்போது அணைந்துவிடுகிறது. '50 வாட் × 4' என்று போட்டிருக்கிறதே?

பதில்: அந்த 50-ஐ நம்பி எதையும் கணக்குப் போடாதீர்கள். செட்டின் ஃப்யூஸ் 10 ஆம்பியர் என்றால் 14.4 வோல்ட்டில் உள்ளே போவதே 144 வாட். வெளியே 200 வாட் தொடர்ந்து எப்படி வரும்? ஒரு சேனலுக்குச் சுமார் 20 வாட் என்பதே நடைமுறை.

அணைவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பேஸ் அடிக்கும்போது திரையும் மங்கினால் கரன்ட் வரும் வழி பலவீனம். முதல் பதிலில் சொன்ன பல்புச் சோதனையைச் செய்யுங்கள். திரை மங்காமல் 'ப்ரொடெக்ட்' என்று காட்டினால் ஸ்பீக்கர் ஒயர் எங்கோ பாடியில் தொடுகிறது. இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் மைனஸ் எர்த் அல்ல. இரண்டு ஒயரிலுமே எர்த்தோடு ஒப்பிட்டால் சுமார் 6 வோல்ட் நிற்கும். அதனால் மைனஸ்தானே என்று அதைப் பாடியோடு இணைத்தால் செட்டுக்குள் ஒலியைப் பெருக்கும் ஐசி (சிப்) போகும். பழைய வண்டிகளில் ஸ்பீக்கர் மைனஸ்களைப் பாடியோடு சேர்த்தே ஒயரிங் செய்திருப்பதுண்டு. அங்கே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் புது ஒயர் இழுப்பதைத் தவிர வழியில்லை. சோதிக்க, எல்லா ஸ்பீக்கரையும் கழற்றி, ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள். எதை மாட்டும்போது அணைகிறதோ அந்தப் பக்கத்தில் தேடுங்கள். கதவுக் கீலில் மடங்கி மடங்கித் தேய்ந்த ஒயராகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

கேள்வி: 10 ஆம்பியர் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது. 20 போடலாமா?

பதில்: கூடாது. ஃப்யூஸ் காப்பது ஒயரை. 20 போட்டால் ஃப்யூஸ் நிற்கும், டேஷ்போர்டுக்குள் ஒயர் உருகும்.

கேள்வி: ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் ஸ்பீக்கரில் 'வீ…' என்று சத்தம் கூடுகிறது.

பதில்: ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) இரைச்சல். செட்டுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் எர்த் வெவ்வேறு இடத்தில் இருந்து, ஒன்று பலவீனமாக இருந்தால் இப்படி வரும். ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஒயரைக் குட்டையாக்கி, பெயின்ட் சுரண்டிய இரும்பில் போல்ட்டால் இறுக்குங்கள். செட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒலியைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளும் பவர் கேபிளும் ஒரே பக்கமாக ஓடினால் பிரித்து எதிரெதிர்ப் பக்கங்களில் கொண்டுபோங்கள். ஃபில்டர் வாங்குவதைக் கடைசிக்கு வையுங்கள்.

கேள்வி: என் வண்டி சாக்கெட்டில் ஏசிசி ஒயரே இல்லை.

பதில்: புதிய வண்டிகள் பலவற்றில் சாவி போட்ட செய்தி கேன் பஸ் (வண்டியின் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் டேட்டா ஒயர்கள்) வழியாகத்தான் ரேடியோவுக்குப் போகும். உங்கள் மாடலுக்கான கேன் டிகோடர் பெட்டி அதைப் படித்து சிவப்பு ஒயருக்குக் கரன்ட் தரும். அந்த டேட்டா ஒயர்களை வெட்டி ஒட்ட வேண்டாம், மற்ற கருவிகளும் அதையே நம்பியிருக்கின்றன.

கேள்வி: எஃப்எம் கேட்டால் ஆம்ப்ளிஃபயர் ஓடுகிறது. யூஎஸ்பிக்கு மாற்றினால் அணைந்துவிடுகிறது.

பதில்: ஆம்ப்ளிஃபயரின் ரிமோட் ஒயரை (அதை ஆன் செய்யச் சொல்லும் ஒயர்) செட்டின் முழு நீல ஒயரில் கொடுத்திருக்கிறீர்கள். அது ஆன்டெனாவுக்கானது; பல செட்டுகளில் ரேடியோ ஓடும்போது மட்டுமே அதில் கரன்ட் வரும். வெள்ளைக் கோடு போட்ட நீல ஒயருக்கு மாற்றுங்கள்.