கால் எலும்பு முறிந்து ராடு வைத்த பிறகு பிசியோதெரபி அவசியமா, வீட்டிலேயே நடந்து பழகினால் போதாதா?

கட்டாயம் வேண்டும். எனக்கும் பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து ராடு வைத்தார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முறிந்த எலும்பை ராடு பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். கால் அசையாமல் சில வாரம் கிடந்தாலே தொடை கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்துவிடும். அதைவிடத் தொல்லை கணுக்கால். பாதம் கீழே தொங்கியபடியே இறுகிப்போனால் குதிகால் தரையில் படியாது, நொண்டித்தான் நடக்க வேண்டிவரும். குத்தவைத்து உட்காரவும் முடியாது. இந்தியன் டாய்லெட் மட்டுமே உள்ள வீட்டில் இது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் டாக்டர் சரி என்றதும், படுக்கையில் இருக்கும்போதே பாதத்தை மேலும் கீழும் ஆட்டத் தொடங்குங்கள். கெண்டைக்கால் தசை சுருங்கும்போது ரத்தம் மேலே தள்ளப்படும். வீக்கமும் குறையும், ரத்தம் உறையும் ஆபத்தும் குறையும். அப்புறம் காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தின் முன்பக்கம் துண்டைப் போட்டு இரண்டு கையாலும் நம் பக்கம் இழுக்க வேண்டும். எனக்குக் கண்ணீரே வந்த பயிற்சி இது. ஆனாலும் ஒருநாளும் விடாதீர்கள்.

கால் ஊன்றுவதில் அவசரம் கூடாது. எப்போது, எவ்வளவு எடை என்பதை எக்ஸ்ரே பார்த்து எலும்பு டாக்டர்தான் சொல்ல வேண்டும். பாதி எடை என்றால், எடை பார்க்கும் மெஷினில் அடிபட்ட காலை வைத்து அழுத்திப் பழகலாம். 70 கிலோ ஆளுக்கு முள் 35-ஐத் தாண்டக் கூடாது. ஒற்றை ஊன்றுகோலுக்கு மாறும்போது நல்ல கால் பக்கத்துக் கையில் பிடியுங்கள், பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

எலும்பு கூடப் பொதுவாக 4 முதல் 6 மாதம் ஆகும். கணுக்காலுக்குச் சற்று மேலே முறிந்திருந்தால் அங்கே ரத்த ஓட்டம் குறைவு, இன்னும் தாமதமாகலாம். சிகரெட்டும் எலும்பு கூடுவதைத் தள்ளிப்போடும், தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

சாயங்காலம் கால் லேசாக வீங்குவது பல மாதம் இருக்கும், காலை உயர்த்தி வைத்தால் வடியும். ஆனால் கெண்டைக்கால் திடீரென்று வீங்கிச் சூடாகி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அந்த நேரத்தில் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள்.