வாலஸ் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: இயற்கைத் தேர்வைக் கண்டறிந்தவர் டார்வினா, வாலஸா?

இருவரும், தனித்தனியே. சூழலுக்குப் பொருந்தியவை பிழைத்து இனம் பெருக்கும், அதனால் இனம் மெல்ல மாறும் என்பதே இயற்கைத் தேர்வு. டார்வின் 1844-லேயே நீண்ட கட்டுரை எழுதி, வெளியிடாமல் வைத்திருந்தார். 1858 பிப்ரவரியில் இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்கஸ் தீவுகளில் காய்ச்சலில் படுத்திருந்த இயற்கையியலாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸுக்கு, மக்கள்தொகை உணவை மிஞ்சிப் பெருகும் என்று சொன்ன மால்தஸின் நூல் நினைவுக்கு வந்தது. அதே எண்ணம் பிறந்தது. எழுதி டார்வினுக்கே அனுப்பினார். டார்வினின் அறிவியல் நண்பர்கள் லயலும் ஹூக்கரும் இருவர் எழுத்தையும் ஜூலை 1 அன்று லண்டனின் லின்னேயன் அறிவியல் சங்கத்தில் வாசிக்க வைத்தார்கள். வாலஸிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேள்வி: அப்படியானால் டார்வின் திருடினார் என்பது உண்மைதானே?

இல்லை. தேதியைப் பாருங்கள், பிறகு திருட்டுப் பட்டம் கட்டலாம். 1857 செப்டம்பரில் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்திலேயே டார்வின் தம் கொள்கையைச் சுருக்கிச் சொல்லிவிட்டார்.

கேள்வி: மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றுதானே வாலஸும் சொன்னார்?

இன்றைய குரங்கு நமக்குப் பாட்டனல்ல, பங்காளி. மனித மூளையை இயற்கைத் தேர்வு மட்டும் உருவாக்கியிருக்க முடியாது என்று பின்னாளில் வாலஸ் வாதிட்டு, டார்வினை வருத்தப்பட வைத்தார்.

கேள்வி: வாலஸ் கோடு என்றால் என்ன?

நல்ல கேள்வி. ஆசிய உயிரினங்களையும் ஆஸ்திரேலிய உயிரினங்களையும் பிரிக்கும் கற்பனைக் கோடு அது; பாலி, லொம்போக் என்ற இந்தோனேசியத் தீவுகளுக்கு நடுவே போகிறது. இரண்டுக்கும் இடையே கடல் சுமார் 35 கிலோமீட்டர்தான். பாலியில் மரங்கொத்தியும் குக்குறுவானும் உண்டு. லொம்போக்கில் இறங்கினால் கொண்டைக்கிளி கத்துகிறது, ஆஸ்திரேலியத் தேன்குடிப் பறவைகள் தென்படுகின்றன. காரணம் நடுவிலுள்ள கடலின் ஆழம். பனியுகத்தில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்தபோது பாலி ஜாவாவோடும் ஆசியாவோடும் நிலமாக ஒட்டிக்கொண்டது. லொம்போக் நீருக்கு அப்பாலேயே நின்றது. எட்டு ஆண்டுகளில் 1,25,660 உயிரின மாதிரிகளைச் சேகரித்த மனிதர், எது எங்கே கிடைத்தது என்று குறித்து வைத்ததால்தான் இது புலப்பட்டது. மலாய் உதவியாளர் அலி சுட்டுச் சேர்த்த பறவைகளும் அதில் நிறைய.

கேள்வி: திருட்டு விஷயத்தை மழுப்பாதீர்கள். வாலஸ் மார்ச்சில் அனுப்பிய வேறொரு கடிதம் ஜூன் 3-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்கு வந்துவிட்டதே. வாலஸின் கட்டுரை ஜூன் 18-இல்தான் கிடைத்தது என்று டார்வின் மட்டும் சொல்கிறாரே?

இரண்டும் ஒரே கப்பலில் ஏறின என்பது ஊகம். டார்வினின் கடிதம் ஒன்று மார்ச் 9 கப்பலில் வாலஸ் இருந்த டெர்னாட்டே தீவுக்கு வந்தது. அதற்குப் பதிலாகத்தான் வாலஸ் கட்டுரையை அனுப்பினார், ஆகவே அது ஏப்ரல் கப்பலில்தான் போயிருக்கும் என்று ஆய்வாளர்கள் வான் வையும் ரூக்மாக்கரும் 2012-இல் கப்பல் அட்டவணைகளைத் துருவிக் காட்டினார்கள். எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது. சரி, மார்ச் கப்பல் என்றே வையுங்கள். 1844-இல் எழுதியதை 1858-இல் எப்படித் திருடுவது?

கேள்வி: ஐயா, டார்வின் திருடினாரா?

இரண்டாவது பதில்.