எந்தச் சொத்தைக்கு எந்த அடைப்பு?

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் கடைவாய்ப் பல்லில் வைத்த வெள்ளி அடைப்பு இன்றும் உறுதியாக இருக்கிறது. அதில் பாதரசம் உண்டு என்று படித்ததிலிருந்து அச்சமாக இருக்கிறது. எடுத்துவிட்டு வெள்ளை அடைப்பு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: உறுதியாக இருக்கும் அடைப்பை எடுக்க வேண்டாம். வெள்ளி அடைப்பு என்று நாம் சொல்லும் அமால்கத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம்தான்; ஆனால் அது வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் தூளோடு வினைபுரிந்து கெட்டியான உலோகக் கலவையாக மாறிவிட்டது. மெல்லும்போது அதிலிருந்து மிகச் சிறிய அளவில் ஆவி வெளிவருவது உண்மையே. எனினும் அடைப்பைக் குடைந்து எடுக்கும் அந்தச் சில நிமிடங்களில் அதைவிட அதிகமான ஆவி கிளம்பும். அதோடு, ஒவ்வொரு முறை அடைப்பை மாற்றும்போதும் சுற்றியுள்ள நல்ல பல்லும் கொஞ்சம் போய்விடுகிறது. எனக்குப் பெரிய கவலை அதுதான். விளிம்பு உடைந்திருந்தாலோ, அடியில் புதிதாகச் சொத்தை பிடித்திருந்தாலோ, அந்த உலோகங்களில் ஒன்று உங்களுக்கு ஒவ்வாது என்று சோதனையில் உறுதியாகியிருந்தாலோ மாற்றிக்கொள்ளுங்கள்.

புதிதாக அமால்கம் வைப்பது வேறு விஷயம். பாதரசம் காற்றிலும் நீரிலும் மண்ணிலும் சேர்வதைத் தடுப்பதற்காக 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, இந்த அடைப்பைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. 15 வயதுக்குட்பட்டோர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு அதைத் தவிர்ப்பது என 2022இல் உறுப்பு நாடுகள் முடிவெடுத்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில், தவிர்க்க முடியாத மருத்துவத் தேவை இருந்தாலன்றி 2025 ஜனவரி முதல் அதை வைப்பதில்லை.

கேள்வி: வெள்ளை அடைப்புக்குக் கட்டணமும் அதிகம், நேரமும் அதிகம். அப்படியும் எனக்கு ஓராண்டுக்குள் பெயர்ந்துவிட்டது. பொருள் தரமற்றதா?

பதில்: பொருளைக் குறை சொல்வதற்கு முன், அதை வைத்த வேளையில் பல் உலர்ந்திருந்ததா என்று கேட்க வேண்டும். குழிக்குள் அடைத்து இறுக்கினால் நின்றுவிடுவது அமால்கம். காம்போசிட் எனப்படும் வெள்ளை அடைப்போ பல்லோடு ஒட்டிக்கொண்டு நிற்பது. பல்லின் கடினமான வெளிப்படலமான எனாமலின் மீது அமிலம் தடவினால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டாகி, அவற்றில் பிசின் இறங்கிப் பிடித்துக்கொள்ளும் என்கிற இந்த உத்தியை அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனோகோர் 1955இல் அறிமுகப்படுத்தியதுதான் இந்த முறைக்கு அடிப்படை. இன்று 37 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலத்தைச் சில விநாடிகள் வைத்துக் கழுவி, ஒட்டும் திரவத்தைப் பூசி, அதன் மேல் காம்போசிட்டை வைக்கிறோம். அமிலம் கழுவப்பட்ட அந்தப் பரப்பில் ஒரு துளி எச்சிலோ, ஈற்றிலிருந்து கசியும் இரத்தமோ பட்டுவிட்டால் பிடிமானம் கெட்டுவிடும். இதற்காகவே, சிகிச்சை செய்யும் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயின் மற்றப் பகுதியை மறைக்கும் ரப்பர் விரிப்பைப் பொருத்துகிறோம். சற்று அசௌகரியமாக இருந்தாலும் அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேரம் கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீல ஒளி பட்டு இறுகும்போது காம்போசிட் சற்றுச் சுருங்கும். ஆழத்தில் ஒளியும் போதிய அளவு எட்டாது. ஆகவே வழக்கமான வகையை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனமுள்ள அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே இறுகச் செய்ய வேண்டும். அவசரப்பட்டு ஒரே அடியாக நிரப்பினால், மேலே கெட்டியாகவும் அடியில் இளகியும் இருக்கும், விளிம்பில் இடைவெளியும் விழும். ஈற்றுக்குக் கீழே இறங்கிய சொத்தையாக இருந்து, அந்த இடத்தை உலர்வாக வைக்க முடியாது என்றால், எவ்வளவு விலை உயர்ந்த காம்போசிட்டும் அங்கே நிலைப்பது கடினம்.

கேள்வி: ஆறு வயது மகளின் பால்பல்லில் சொத்தை. எப்படியும் விழப்போகிற பல்லுக்கு அடைப்பு எதற்கு என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள்.

பதில்: முன்பற்கள்தான் ஆறு, ஏழு வயதில் விழும், பால் கடைவாய்ப் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. அவற்றை முன்னதாக இழந்தால் பக்கத்துப் பல் சாய்ந்து வந்து, நிரந்தரப் பல் முளைக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். வலியால் குழந்தை சாப்பிடாமல் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இத்தகைய பற்களுக்குக் கிளாஸ் அயனோமர் என்னும் சிமெண்ட் பல வேளைகளில் பொருத்தமானது. பல்லில் உள்ள கால்சியத்தோடு அது தானாகவே வேதிப்பிணைப்பை உண்டாக்கிக்கொள்ளும், சிறிதளவு ஈரத்தைத் தாங்கும், ஃபுளோரைடையும் வெளிவிடும். மின்சாரத் துளைப்பான் இல்லாமல், கைக்கருவிகளால் சொத்தையைச் சுரண்டிவிட்டு இதை அடைக்கும் முறை 1980களில் தான்சானியாவில் உருவானது. துளைப்பானின் ஓசைக்கு அஞ்சும் குழந்தைகளுக்கு அது இன்றும் உதவுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் இந்தச் சிமெண்டை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் மெல்லும்போது தேயக்கூடியது என்பதால், பெரியவர்களின் கடைவாய்ப் பல்லில் உள்ள அகன்ற குழிக்கு இதை மட்டும் நம்ப முடியாது. வைத்த நாளில் அந்தப் பக்கமாகக் கடினமான எதையும் மெல்ல விடாதீர்கள்.

கேள்வி: அடைத்து ஐந்து நாள் ஆகிறது. குளிர்ந்த நீர் பட்டால் கூசுகிறது, கடித்தால் வலிக்கிறது.

பதில்: குளிர்ச்சிக்குச் சில விநாடிகள் கூசி அடங்குவது ஓரிரு வாரங்களில் தானாகக் குறையும். கடிக்கும்போது மட்டும் வலித்தால் அடைப்பு சற்று உயரமாக இருக்கலாம். நிறத் தாளைக் கடிக்கச் செய்து, படியும் இடத்தைத் தேய்த்துவிட்டால் போதும். தூக்கத்தைக் கலைக்கும் வலி, சூடு பட்டால் நெடுநேரம் தெறிக்கும் வலி ஆகியவை பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் பற்கூழ் பாதிக்கப்பட்டதன் அறிகுறிகள் என்பதால், உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ரூட் கெனால் சிகிச்சையின் நடுவில் தற்காலிக அடைப்பு வைத்தார்கள். வலி நின்றுவிட்டதால் இரண்டு மாதமாகப் போகவில்லை. அப்படியே விடலாமா?

பதில்: விடக்கூடாது. கிராம்பு மணம் வீசும் அடைப்பாக இருந்தால் அது துத்தநாக ஆக்சைடும் கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனாலும் சேர்ந்தது. சில வாரங்களுக்கென்றே செய்யப்பட்டது. அது தேய்ந்து விளிம்பு கசிந்தால் கிருமிகள் மீண்டும் வேர்க் கால்வாய்க்குள் இறங்கும், முதலிலிருந்து சுத்தம் செய்ய நேரும். சிகிச்சை முடிந்த பின்னும், கடைவாய்ப் பல்லின் சுவர்கள் மெலிந்திருந்தால் வெறும் அடைப்போடு நிறுத்தாமல் பல்லை மூடும் கேப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையெனில் ஒரு நாள் பல் வேர் வரை பிளந்து, பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லாமல் போகக்கூடும். இந்த வாரமே போய்விடுங்கள்; அதுவரை அந்தப் பக்கமாக முறுக்கு, சீடை போன்றவற்றைக் கடிக்க வேண்டாம்.