45,000 ரூபாய் ஏர்ராப்: தலைக்குக் குளிக்கிற நாளை எண்ணிப் பாருங்கள்

கேள்வி: மேடம், எனக்கு 28 வயது. காட்பாடியில் அம்மா அப்பாவோடு இருக்கிறேன். ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 31,000 ரூபாய். வீட்டுக்கு 12,000, சீட்டுக்கு 5,000, வண்டி, போன் என்று 4,000 போகிறது. அப்பா ஆபரேஷனுக்காக அம்மாவின் சங்கிலியை வங்கியில் வைத்து வாங்கிய 80,000 ரூபாய்க் கடன் இருக்கிறது. வட்டி 9.5 சதவீதம். இதுவரை வட்டி மட்டும்தான் கட்டுகிறேன். சேமிப்புக் கணக்கில் 55,000 இருக்கிறது.

எனக்குச் சுருட்டை முடி, அடர்த்தியும் அதிகம். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் குளித்தால் வைக்கோல் மாதிரி நிற்கும். விசேஷம் என்றால் பார்லரில் 400 ரூபாய் கொடுத்து செட் செய்துகொள்வேன். போன வருடம் ஒன்பது முறை போனேன். காற்றாலேயே முடியைச் சுருட்டி செட் செய்யும் டைசன் ஏர்ராப் கருவி வாங்க ரொம்ப நாள் ஆசை. 45,000 ரூபாய், வட்டியில்லாத் தவணையில் மாதம் 5,000 வீதம் ஒன்பது மாதம். தினமும் உபயோகித்தால் இரண்டு வருடத்துக்கு 730 நாள், ஒரு நாளைக்கு 62 ரூபாய்தான் ஆகிறது. அமெரிக்காவில் இருக்கும் பெரியம்மா மகள் தை மாதம் வரும்போது அங்கிருந்தே வாங்கி வரவா என்று கேட்கிறாள். "முடிக்கு நாற்பத்தைந்தாயிரமா" என்று அம்மா இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆஃபர் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. வாங்கலாமா?
– வாசகி, காட்பாடி

பதில்: இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வாங்காதீர்கள். சம்பாதிக்கிற பெண் தன் தலைமுடிக்குச் செலவு செய்வதில் எந்தத் தப்பும் இல்லை. உங்கள் ஆசையை நான் குறை சொல்லவில்லை. அந்த 730 நாள் கணக்கைத்தான் உங்களோடு உட்கார்ந்து திருத்த வேண்டும்.

ஏர்ராப், ஸ்ட்ரெய்ட்னர் மாதிரி காய்ந்த முடியில் எந்த நேரமும் இழுத்துவிடும் கருவி இல்லை. தலைக்குக் குளித்து, துவட்டி, முடி லேசான ஈரத்தில் இருக்கும்போதுதான் அது ஒழுங்காக வேலை செய்யும். அப்படியானால் எண்ண வேண்டியது காலண்டர் நாளையா, தலைக்குக் குளிக்கும் நாளையா? வாரத்துக்கு இரண்டு முறை குளிப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அதில் ஒன்று ஞாயிறு எண்ணெய்க் குளியலாக இருக்கும். அன்று மொட்டை மாடி வெயிலில் காயவைத்துப் பின்னிக்கொள்வீர்கள். மறுநாள் எண்ணெய் தடவினால், எண்ணெய் ஏறிய முடியில் எந்தக் கருவியின் சுருளும் நிற்காது. மிஞ்சுவது வாரத்தில் ஒரு நாள். அன்று காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பதற்கு முன் அரை மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கிடைக்கிறது என்றே வைத்தாலும் வருடத்துக்கு 52, விசேஷங்களுக்கு இன்னும் எட்டு, ஆக 60. மூன்று வருடம் உழைத்தால் 180 முறை. ஒரு முறைக்கு 250 ரூபாய்! உங்கள் 62 அங்கேயே நான்கு மடங்காகிவிட்டது. பார்லருக்கு நீங்கள் போன வருடம் கொடுத்தது மொத்தமே 3,600 ரூபாய். ஏர்ராப் விலையில் பன்னிரண்டரை வருடம் பார்லருக்குப் போகலாம்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரத்திலும் சூட்டிலும் விட்டுக்கொடுக்கும்; காயும்போது, ஆறும்போது, எந்த வடிவில் இருக்கிறதோ அப்படியே பிடித்துக்கொள்ளும். கருவி செய்யும் வித்தை இவ்வளவுதான். வியர்வை பட்டதும் அதே பிணைப்புகள் மறுபடி விடும். போன வைகாசியில் காட்பாடி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில், முகூர்த்தத்துக்கு அழகான சுருள்களோடு வந்த பெண் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். அதற்குள் சுருள்கள் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. பாவம், இலையில் சாதம் போடும் முன்பே கிளிப்பை எடுத்துக் கொண்டையாக்கிவிட்டாள். சித்திரை, வைகாசியில் ஹெல்மெட் போட்டு ஸ்கூட்டியில் பஸ் ஸ்டாப் போய், அங்கிருந்து கம்பெனி போய்ச் சேரும்போது உங்கள் முடி எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மார்கழி, தையில் நிற்கும். வருடம் முழுக்க நிற்காது.

வைக்கோல் மாதிரி நிற்பதற்குப் பாதிக் காரணம் போர் தண்ணீராகத்தான் இருக்கும். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் முடி மேல் படிந்து சொரசொரப்பாக்கும். அந்தப் படிவை 45,000 ரூபாய்க் கருவியின் காற்று எடுக்காது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் ஒரு பக்கெட் பிடித்து வைத்து, கடைசியாக அலசுவதற்கு மட்டும் அதை ஊற்றிப் பாருங்கள். ஒரு மாதம் செய்தாலே வித்தியாசம் கைக்குத் தெரியும். இதற்குச் செலவு கிடையாது.

கருவியை நான் மட்டம் தட்டவில்லை. 2018-ல் வந்த இந்த ஏர்ராப், உருளையைச் சுற்றிக் காற்றை ஒட்டி ஓடவிட்டு முடியைத் தானாகச் சுற்ற வைக்கிறது. கொவாண்டா விளைவு என்பார்கள். சூடு 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாது. சாதாரண ஸ்ட்ரெய்ட்னர்கள் 200 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டை ஈர முடியில் வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து முடியையே பொத்தலாக்கும். முடிக்குப் பாதுகாப்பு என்று பார்த்தால் ஏர்ராப்புக்குக் கொடுக்கும் காசில் நியாயம் உண்டு. வாரத்தில் நான்கு நாள் தலைக்குக் குளித்து வெளியே போகிற ஒருவருக்கு மூன்று வருடத்தில் 600 முறைக்கு மேல் உபயோகம் வரும்; ஒரு முறைக்கு 75 ரூபாய். மணப்பெண் அலங்காரம் செய்கிறவர் என்றால் ஒரே கல்யாண சீசனில் போட்ட பணத்தை எடுத்துவிடுவார். அவர்களிடம் 'வாங்குங்கள்' என்றுதான் சொல்வேன்.

கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். 1,300 வாட், 25 நிமிடம் ஓடினால் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் இது ஓடுவது சிரமம். ஏற்கெனவே நாலு வயர் செருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் போடக் கூடாது.

'வட்டியில்லாத் தவணை' என்பதில் வட்டி இருக்கிறது. பூஜ்ய வட்டி என்று சொல்லி விற்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே கூடாது என்றது. இப்போது நடப்பது இதுதான்: கிரெடிட் கார்டு வங்கி வட்டி போடும், அந்த அளவுக்கு விற்பவர் விலையில் குறைத்துக் காட்டுவார். வங்கி 16 சதவீதம் போடுகிறது என்றால் ஒன்பது மாத வட்டி சுமார் 2,850 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஏறக்குறைய 515, அது உங்கள் தலையில். பிராசஸிங் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக 750 ரூபாய் கூடப் போகிறது. இது சின்னத் தொகைதான். எனக்குப் பயம் வேறு. வட்டியும் செலவும் போக மாதம் உங்கள் கையில் நிற்பது 9,350 ரூபாய். அதில் 5,000 ஒன்பது மாதத்துக்குக் கட்டுப்பட்டுவிட்டால், அப்பாவுக்கு ஒரு செக்கப், வண்டிக்கு ஒரு டயர் என்று வரும் மாதத்தில் கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுவீர்கள். அன்றிலிருந்து பல கார்டுகளில் மாதத்துக்கு மூன்றரை சதவீதம் ஓடும், வருடத்துக்கு 42. சங்கிலிக் கடனுக்கு நீங்கள் கட்டுவது 9.5!

பெரியம்மா மகளிடம் இதை வாங்கி வரச் சொல்லாதீர்கள். அங்கே கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. அங்கே விற்கும் மாடல் அந்த வோல்டேஜுக்கு மட்டுமே செய்தது. பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் வேலை செய்யாது. என் நாத்தனார் அப்படிக் கொண்டுவந்த ஒரு ஹேர் டிரையரைச் செருகிய அடுத்த நொடி எழுந்த கருகல் வாடை சாயங்காலம் வரை ஹாலில் இருந்தது. வாரண்டியும் அங்கே வாங்கியதற்கு இங்கே எடுபடாது.

அதே 5,000 ரூபாயை அதே ஒன்பது மாதம் சங்கிலிக் கடனின் அசலில் கட்டுங்கள். பல வங்கிகள் இடையில் அசல் கட்ட விடுகின்றன. கிளையில் கேட்டு, ரசீதில் 'அசல்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இப்போது வருடத்துக்கு வட்டி மட்டும் 7,600 போகிறது. ஒன்பது மாத முடிவில் கடன் 35,000-க்கு இறங்கும், வட்டி 3,300 சொச்சமாகும். சீட்டு முடிந்து கைக்கு வரும் பணத்தில் மீதியை அடைத்துச் சங்கிலியை மீட்டுவிடலாம். ஏர்ராப்புக்காக சீட்டை அவசரப்பட்டுத் தள்ளி எடுக்காதீர்கள். சேமிப்பில் இருக்கும் 55,000-ஐயும் தொடாதீர்கள். ஆபரேஷன் முடிந்த வீட்டில் அது கையிருப்பாக இருந்தே ஆக வேண்டும்.

அம்மாவின் கோபம் முடி மேல் இல்லை என்று நினைக்கிறேன். தன் கழுத்துச் சங்கிலி வங்கியில் கிடக்கும்போது வீட்டுக்குள் புதிதாக ஒரு தவணை வருகிறதே என்ற கவலை அது. அசல் கட்டின முதல் ரசீதை அவர் கையில் கொடுங்கள்.

ஆசையை மூட்டை கட்டி வைக்கச் சொல்லவில்லை. 2,000, 2,500 ரூபாயில் சூடான காற்று வரும் பிரஷ் வகைகள் நல்ல கம்பெனிகளில் கிடைக்கின்றன. வேலூர் கடைகளில் கையில் பிடித்து எடை பார்த்து, பில்லோடு ரொக்கத்துக்கு வாங்குங்கள். ஏர்ராப் அளவுக்கு வராது. உங்கள் அடர்த்திக்குப் பத்து நிமிடம் கூடுதலாகவே ஆகும். சூட்டை நடுவில் வையுங்கள். ஒவ்வொரு முறை உபயோகிக்கும்போதும் சமையலறை தினசரிக் காலண்டர் தாளில் ஒரு டிக் போட்டு, அந்தத் தாளைக் கிழித்து ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து டிக் போட்ட தாள்களை எண்ணுங்கள். பதினைந்து தாண்டாவிட்டால் இந்த பிரஷ்ஷே உங்களுக்குப் போதும். நாற்பதைத் தாண்டினால் எனக்கு மறுபடி எழுதுங்கள். சங்கிலி வீட்டுக்கு வந்த மாதத்திலிருந்து அந்த 5,000-ஐ ஒன்பது மாத ஆர்.டி.யில் போட்டு, அது முதிர்ந்ததும் மொத்தமாகக் கொடுத்து ஏர்ராப் வாங்குங்கள் என்று நானே சொல்வேன்.