1970 ஷெவெல் 350 எஞ்சினுக்கு எந்த இன்டேக் மேனிஃபோல்டு, எந்த கார்புரேட்டர் போடலாம்?

கேள்வி இதுதான்: டெட்ராய்ட் பக்கம் இருக்கிறீர்கள். 1970 ஷெவெல் மாலிபு ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். 350 கன அங்குல எஞ்சின், 250 குதிரைத்திறன், டூ பேரல் (இரண்டு துளை) கார்புரேட்டர், ஆட்டோமேட்டிக் கியர், பின் ஆக்சில் விகிதம் 2.73. கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாற்றவில்லை. வார இறுதியில் ஓட்டவும், ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை வுட்வார்ட் சாலையில் நடக்கும் பழைய கார் ஊர்வலத்துக்குக் கொண்டுபோகவும்தான் வண்டி. நண்பர்கள் சிங்கிள் பிளேன் மேனிஃபோல்டும் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) 750 டபுள் பம்பர் கார்புரேட்டரும் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

போட வேண்டாம். டூயல் பிளேன் மேனிஃபோல்டு ஒன்று, அதன் மேல் வேக்யூம் செகண்டரி (எஞ்சினின் இழுப்பே திறக்கும் பின் துளைகள்) உள்ள 600 சி.எஃப்.எம். கார்புரேட்டர் ஒன்று. சி.எஃப்.எம். என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடிக் காற்று என்ற அளவு. இதைத் தாண்டினால் காசும் போகும், ஓட்டுகிற சுகமும் போகும்.

கணக்கை முதலில் போட்டுவிடலாம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் தன் கொள்ளளவு முழுவதையும் ஒரு தடவை உள்ளிழுக்க இரண்டு சுற்று சுற்ற வேண்டும். ஒரு கன அடி என்பது 1,728 கன அங்குலம். ஆகவே எஞ்சினின் கன அங்குலத்தை உச்ச ஆர்.பி.எம்.மால் பெருக்கி 3,456ஆல் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை கன அடிக் காற்று வேண்டும் என்று தெரிந்துவிடும். உங்கள் 350க்கு 5,500 ஆர்.பி.எம். வைத்தால் 557 வருகிறது. அதுவும் சிலிண்டர்கள் நூற்றுக்கு நூறு நிரம்பினால். கம்பெனி கேமும் கம்பெனி ஹெட்டும் (சிலிண்டர்களின் மேல்மூடி) உள்ள எஞ்சின் 85 சதவீதம் நிரம்பினாலே பெரிய விஷயம். அப்படிப் பார்த்தால் தேவை 473தான். 600 என்பதே தாராளம்.

இன்னொரு அளவுகோலும் இருக்கிறது. அதே 1970இல் அதே ஷெவெலில் 454 எல்எஸ்6 எஞ்சினை வைத்து ஷெவர்லே விற்றது, 450 குதிரைத்திறன் என்று. அந்த ராட்சசனுக்கே கம்பெனி கொடுத்தது 780 சி.எஃப்.எம். ஹோலி கார்புரேட்டர் ஒன்றுதான். உடனே யாராவது ஷெவர்லேயின் இன்னொரு வண்டியான கமாரோ இசட்/28ஐ இழுப்பார்கள்: "302 கன அங்குலத்துக்கே 780 போட்டானே!" போட்டான், சரி. ஆனால் அது டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 305 கன அங்குல வரம்புக்குள் அடங்கச் செய்த எஞ்சின். நாலு கியர் மேனுவலோடு மட்டுமே வந்தது. 4,000ஐத் தாண்டினால்தான் அதற்கு உயிரே வரும். அந்த 780கூட வேக்யூம் செகண்டரி வகைதான் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

விஷயமே அந்த செகண்டரியில்தான் இருக்கிறது. கார்புரேட்டர் பெட்ரோலைத் தள்ளுவதில்லை. வென்சூரி என்ற குறுகலான துளை வழியாகக் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் பெட்ரோலை உறிஞ்சி எடுக்கிறது. துளை பெரிதானால் அதே அளவு காற்று மெதுவாகப் போகும், உறிஞ்சல் தளரும். டபுள் பம்பரில் பின் இரண்டு துளைகளையும் உங்கள் கால்தான் திறக்கிறது. 2,000 ஆர்.பி.எம்.மில் 2.73 ஆக்சிலோடு பெடலை ஒரே மிதியாக மிதித்தால், நாலு துளையும் திறந்துகொள்ளும், காற்றின் வேகம் படுத்துவிடும், வண்டி ஒரு கணம் மூச்சடைத்து நின்று பிறகு பாயும். வேக்யூம் செகண்டரியில் எஞ்சின் கேட்கிற அளவுக்கு மட்டுமே பின் துளைகள் திறக்கும். டபுள் பம்பரை மட்டம் தட்டவில்லை. எடை குறைந்த வண்டி, மேனுவல் கியர், 3.73 மாதிரி ஆக்சில், பெரிய கேம் என்று இருந்தால் நானே அதைத்தான் சொல்வேன்.

மேனிஃபோல்டும் இதே கதைதான். டூயல் பிளேனில் கார்புரேட்டரைக் கழற்றி மேலிருந்து பார்த்தால் நடுவே ஒரு சுவர் தெரியும். ஒவ்வொரு பாதியும் நாலு சிலிண்டருக்குத் தீனி போடும். ஷெவர்லேயின் 1-8-4-3-6-5-7-2 என்ற எரியும் வரிசையில் பாதிகள் மாறி மாறி வருவதால், ஒரு சிலிண்டரின் இழுப்பை இன்னொன்று கெடுக்காது. பாதைகள் நீளம், வேகம் நிலைக்கும், கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை கிடைக்கும். சிங்கிள் பிளேனில் சுவர் கிடையாது. திறந்த குகை ஒன்று, அதிலிருந்து எட்டு நேர்ப் பாதைகள். மேனிஃபோல்டு செய்யும் எடல்பிராக் கம்பெனியே தன் சாமான்களுக்குக் கொடுக்கும் ஆர்.பி.எம். எல்லைகளைப் பாருங்கள் (முதல் இரண்டும் டூயல் பிளேன், கடைசியது சிங்கிள் பிளேன்): பெர்ஃபார்மர் ஐடிலிலிருந்து 5,500 வரை, பெர்ஃபார்மர் ஆர்.பி.எம். 1,500 முதல் 6,500 வரை, விக்டர் ஜூனியர் 3,500 முதல் 8,000 வரை. உங்கள் கேம் 5,000 தாண்டினாலே சோர்ந்துவிடும். வுட்வார்டில் ஊர்ந்து போகும்போது 2,000ஐக்கூடத் தொட மாட்டீர்கள். விக்டர் ஜூனியர் விழித்துக்கொள்வதற்குள் உங்கள் எஞ்சினுக்குத் தூக்கம் வந்துவிடும்.

அடுத்த வருஷம் கேம் மாற்றும் எண்ணம் இருந்தால் இப்போதே பெர்ஃபார்மர் ஆர்.பி.எம். வாங்குங்கள். ஆனால் அது உயரம். ஏர் கிளீனர் மூடியின் மேல் களிமண் உருண்டை நாலைந்து வைத்து, பானட்டை மெதுவாக மூடித் திறந்து, மிச்சமிருக்கும் தடிமனைப் பாருங்கள். அரை அங்குலமாவது இல்லையென்றால் தாழ்ந்த அடித்தட்டு உள்ள ஏர் கிளீனர் தேட வேண்டும். அதிலேயே ஏர்-கேப் என்ற வகையில் அடியில் எக்ஸாஸ்ட் சூடு வராது. கோடைக்கு நல்லது, மிச்சிகன் ஏப்ரல் காலையில் எஞ்சின் வழிக்கு வர நேரம் எடுக்கும்.

குவாட்ராஜெட் என்ற நாலு துளைக் கார்புரேட்டரையும் யோசியுங்கள் என்பேன். 1970இல் இதே 350ஐ 300 குதிரைத்திறனில் விற்றபோது அதன் மேல் இருந்தது அதுதான். அதுவும் 750 பக்கம்தானே என்று கேட்கலாம். முன் துளைகள் 1 3/8 அங்குலம், பின் துளைகள் 2 1/4 அங்குலம். பின்னதன் மேல் ஒரு காற்றுத் தகடு, எஞ்சின் இழுத்தால்தான் சாயும். சாதாரண ஓட்டத்தில் சின்ன துளைகள் மட்டும் வேலை செய்வதால் பெட்ரோலும் மிச்சம். பழசை வாங்கினால் திராட்டில் தண்டு ஆடுகிறதா, அடியில் உள்ள அடைப்புகள் கசிகிறதா என்று பாருங்கள். இரவு நிறுத்திய வண்டி காலையில் நெடுநேரம் கிராங்க் ஆனால் பெரும்பாலும் அந்தக் கசிவுதான். குவாட்ராஜெட்டின் துளை அமைப்பு வேறு என்பதால், மேனிஃபோல்டு வாங்கும்போதே அதற்கேற்ற முகப்பா என்று கேட்டு வாங்குங்கள். அடாப்டர் தட்டு வைத்து ஒப்பேற்றுவது எனக்குப் பிடிக்காது.

ஆர்டர் போடுமுன் ஹெட் எந்தக் காலத்தது என்று உறுதி செய்யுங்கள். ஐம்பது வருஷ வண்டியில் பிறந்தபோது இருந்த எஞ்சினே இருக்கும் என்று நம்பக் கூடாது. வால்வ் கவர் போல்ட்டுகள் ஓரத்தில் இருந்தால் பழைய ஹெட், எந்தப் பழைய மேனிஃபோல்டும் உட்காரும். நடுவரிசையில் இருந்தால் 1987 அல்லது அதற்குப் பிந்தியது; இரும்பு ஹெட்டில் மேனிஃபோல்டின் நடு நாலு போல்ட்டுகளின் கோணம் மாறியிருக்கும். மேனிஃபோல்டையே எட்டு போல்ட்டுகள் மட்டும் பிடித்திருந்தால் அது 1996 அல்லது அதற்குப் பிந்திய வோர்டெக் என்ற ஹெட். அதற்குத் தனி மேனிஃபோல்டு.

மாட்டும்போது முன்னும் பின்னும் வரும் ரப்பர் சீலைத் தூக்கிப் போட்டுவிட்டு சிலிக்கான் கோடு இழுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுமுன் ரோட்டர் நிற்கும் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரிக் சோக் இருந்தால் அதற்கு முழு 12 வோல்ட் வேண்டும்; இக்னிஷன் காயிலிலிருந்து எடுக்காதீர்கள், அங்கே ரெசிஸ்டன்ஸ் ஒயர் வோல்டேஜைக் குறைத்துவிடும். கிக்டவுன் கேபிளுக்கு (பெடலை முழுதாக மிதித்தால் கியரைக் கீழே இறக்குவது) ஏற்ற பிராக்கெட்டும் கூடவே வாங்குங்கள். எடல்பிராக் கார்புரேட்டர் என்றால் பெட்ரோல் அழுத்தம் 6.5 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஊசி வால்வு கசியும்.

பிறகு ஒரு வேக்யூம் கேஜ் மாட்டி, டிரைவில் போட்டு, ஐடிலில் பாருங்கள். 12 அங்குலத்துக்கு மேல் காட்டினால் ஹோலி 600இல் வரும் 6.5 பவர் வால்வை (எஞ்சினுக்குச் சுமை ஏறும்போது கூடுதல் பெட்ரோல் விடுவது) மாற்ற வேண்டியதில்லை. செகண்டரி திறக்கிறதா என்று பார்க்க, அதைத் திறக்கும் டயஃப்ரம் தண்டில் ஒரு பேப்பர் கிளிப்பைச் செருகி, மேலே கூட்டோடு ஒட்டத் தள்ளிவிட்டு, நெடுஞ்சாலை ஏறும்போது ஒரு முழு மிதி மிதித்துவிட்டு வந்து பாருங்கள். கிளிப் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறதோ அவ்வளவு திறந்திருக்கிறது. இறங்கவே இல்லையென்றால் மெலிந்த ஸ்பிரிங் போடுங்கள். வெள்ளைதான் மிக மெலிது, கறுப்பு மிகத் தடித்தது.

கழற்றிய டூ பேரலையும் இரும்பு மேனிஃபோல்டையும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி மூட்டை கட்டி வையுங்கள். பிற்பாடு வண்டியை விற்கப் போனால், கம்பெனிச் சாமான் கூடவே வருமா என்றுதான் முதலில் கேட்பார்கள்.